அவரு இன்னும் சொல்லி முடிக்கல

பர்ர்ர் என்று ஒரு சத்தம். காலணிக் கடையில், என் முதுகுக்குப் பின்னால். யாரோ ஒரு சிறுமி புதுப் பள்ளிக் காலணியின் ஒட்டுப்பட்டையைப் பிய்த்தும் ஒட்டியும் விளையாடிக்கொண்டிருந்தாள். பள்ளி திறக்கப்போகும் வாரம். ஜார்ஜ்டவுன் முழுக்க எல்லாக் கடைகளிலும் அன்றைக்கு அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும். ஆனால் என் உடம்பு அதைக் கடைச் சத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஸி வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டது. அடுப்பைச் சின்னதாக்கு. கிரில் கதவைத் திற. அப்பாவின் சன்னல் திரையைத் தொடாதே. கையில் ஒற்றைச் செருப்போடு நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்கும் முன்பே சிரித்திருந்தேன்.

அப்பா போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மிஸி எங்கள் வீட்டை விட்டுப் போனது அதற்கும் முன்னால். இன்னும் அந்தச் சத்தம் என்னை வாசலுக்கு அனுப்புகிறது.

எங்கள் வீடு டத்தோ கிராமாட்டில், வரிசை வீடுகளின் நடுவில் ஒன்று. காலையில் மிஸி தம் சின்ன நீலக் காரைச் சாக்கடையோரம் நிறுத்துவார். ஒரு கையில் பசாருக்குப் போகும் பிளாஸ்டிக் கூடை; அதற்குள் கையுறை, பஞ்சு, பிரஷர் பார்க்கும் கருவி, எப்போதும் ஒரு வாழைப்பழம். மற்றக் கையால் கிரிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று வெள்ளைக் காலணியின் பட்டையைப் பிய்ப்பார். வலது காலுக்கு ஒரு பர்ர். இடது காலுக்கு ஒரு பர்ர். பிறகு வெறுங்காலோடு உள்ளே வருவார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் அறையிலிருந்து மூன்றாவது பர்ர். அது பிரஷர் பார்க்கும் பட்டை.

வார்டில் இருந்தவரை வேலை நேரத்தில் காலணியைக் கழற்றியதே இல்லை என்பார். காலணியில்தான் அதிகாரம். அவர் நடந்துவரும் சத்தம் கேட்டாலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் எழுந்துவிடுவார்களாம். எங்கள் வீட்டின் குளிர்ந்த மொசைக் தரையில் முதன்முதலாக வெறுங்காலை வைத்தபோது, நடுக்கூடத்தில் யாரோ தம்மை வேலையிலிருந்து நீக்கிவிட்டது போல இருந்தது என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

பெயர் உண்டு அவருக்கு. நல்ல பெயர். ஆனால் தாதி என்றால் இந்த நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் நாமும் சேர்ந்து வைத்துவிட்ட பெயர் மிஸி. அப்பா அப்படித்தான் கூப்பிட்டார். நானும். இப்போது அவருடைய சொந்தப் பெயரை எழுதினால் நான் வேறு யாரையோ எழுதுவதாகிவிடும்.

அப்பா ஃபெரியில் கயிறு கட்டியவர். கப்பல் துறையைத் தொடுகிற அந்த ஒரு கணத்துக்காகத் தன் ஆயுளில் பாதியைத் தூக்கத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற அன்றைக்கு, அலாரம் கடிகாரத்தை ஃபெரியின் பின்பக்கத்திலிருந்து கடலில் எறிந்ததாகச் சொல்வார். அம்மா இருந்தவரை அதை மறுத்தார். பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டதைத் தன் கண்ணால் பார்த்தாராம். எது எப்படியோ, அதற்குப் பிறகு சன்னல் விளிம்பில் வெயில் வந்து உட்காரும்வரை அப்பா எழுந்ததில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட சுதந்திரம். யாரிடமும் கேட்டு வாங்கியதல்ல.

பிறகு ஒரு மழைநாளில் அவருடைய வலப்பக்கம் படுத்துக்கொண்டது. பேச்சு போகவில்லை. பேச்சின் வாசல் குறுகிவிட்டது. சொற்கள் எல்லாம் உள்ளே முழுதாக இருந்தன. ஒவ்வொன்றும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, ஒற்றையாக வெளியே வரவேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் காப்பி ஆறிவிடும். நாங்கள் எல்லாரும் அன்பானவர்கள். ஆகவே அவருடைய வாக்கியங்களை நாங்களே முடித்து வைத்தோம். “தண்ணி” என்பார். தண்ணீர் கொடுப்போம். குடிப்பார். “தண்ணி” என்பார் மறுபடியும். மறுபடியும் கொடுப்போம். பின்கட்டில் தொட்டி நிரம்பி வழிந்து அண்டை வீட்டுச் சீனத்து அக்கா வந்து கதவைத் தட்டிய பிறகுதான் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது. வயிறு முட்டத் தண்ணீரோடு அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸி அப்போதுதான் ஆஸ்பத்திரியை விட்டு வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய வார்டு, அதில் சிஸ்டர், மற்றத் தாதிகளுக்கெல்லாம் தலைவி. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலைக்கு வந்துவிட்டார். நாங்கள்தான் அவருடைய முதல் வீடு.

முதல் வாரம் வீடு வார்டாயிற்று. வெளியே இன்னும் தெருவிளக்கு எரியும்போதே பர்ர், பர்ர். அப்பாவை எழுப்புவார். வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பார். தலையில் வகிடு எடுத்துச் சீவுவார். விரிப்பின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிச் செருகி இறுக்குவார். அதற்குள் அப்பா தபாலில் அனுப்பத் தயாரான பார்சல் மாதிரி இருப்பார், நல்ல காலைக்கூட அசைக்க முடியாமல். பிறகு மிஸி கட்டிலின் கால்மாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தேநீர்க் குவளையோடு எட்டிப் பார்த்து, ஏதோ சிகிச்சை போலும் என்று போய்விடுவேன்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவின் இடது கை எழுந்தது. கயிறு வீசிய கை. வெந்நீர்ப் பேசின் சுவரில் மோதி, மிஸியின் சீருடையை நனைத்து, தரையில் உருண்டது. நான் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவருக்கு வலியாக இருக்கும், கோபம் வேண்டாம், என்றெல்லாம். மிஸி உள்ளங்கையை எனக்கு நேரே காட்டினார். போலீஸ்காரர் காரை நிறுத்துவது போல.

“இருங்க. அவரு சொல்றாரு.”

சொன்னார். சொட்டச் சொட்ட மிஸி நின்றார். நான் நின்றேன்.

“இங்க... எந்த... டாக்டர்... வராரு?”

மிஸிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் முகம் மாறியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலை ரவுண்ட்ஸுக்குப் பெரிய டாக்டர் வருவதற்குள் எல்லாக் கட்டிலும் துடைத்து, சீவி, இறுக்கி, வரிசையாக இருக்கவேண்டும். அவருடைய வாழ்நாளின் விடியல்கள் எல்லாம் அதற்கே போயிருந்தன. எங்கள் வீட்டில் எந்த டாக்டரும் வருவதாக இல்லை. வராத ஒருவருக்காக அவர் தினமும் ஒரு கிழவரை இருட்டில் எழுப்பிக் கொண்டிருந்தார்.

ஈர உடையோடு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். “எந்த டாக்டரும் வர மாட்டாரு ஐயா. நாந்தான் வார்ட தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள வந்துட்டேன்.” எழுந்து, விரிப்பின் ஓரங்களை ஒவ்வொன்றாக உருவி விட்டார். அப்பா நல்ல காலை நீட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து மிஸி வெயிலோடு வந்தார்.

அன்று பிறந்ததுதான் அந்த வாக்கியம். அதன் பிறகு அது எங்கள் வீட்டுச் சட்டம். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பாவின் பேச்சை வெட்டினால், கைத்தொலைபேசியில் யாராவது முந்திக்கொண்டால், இடியாப்பம் விற்கும் அம்மா வாசலில் நின்று அவசரப்படுத்தினால், அறைக்குள்ளிருந்து குரல் வரும்: “இருங்க. அவரு இன்னும் சொல்லி முடிக்கல.” குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அதற்கு மேல் ஒரு பாத்திரம்கூட நகராது.

எல்லாருக்கும் அது பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது. இடியாப்பம் ஆறியது. நான் சூலியா தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். தாமதமாகிப் போன ஒரு காலையில் முதலாளி பாய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். வேறு காரணம் கிடைக்கவில்லை. பாய், “முடிச்சாரா?” என்று கேட்டார். முடிச்சாரு என்றேன். போய் ஷட்டரைத் தூக்கச் சொன்னார்.

கிளினிக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாதாந்திரச் சோதனை. இளம் மலாய் டாக்டர், நல்ல பிள்ளை, கண்ணில் தூக்கம். அப்பா சக்கர நாற்காலியில் இருக்க, அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்துக் கேட்கிறார்: பாச்சிக், அதாவது பெரியவர், நன்றாகத் தூங்குகிறாரா, பாச்சிக்குக்கு மலம் போகிறதா. மிஸி மலாயில், ரொம்பப் பணிவாக, பாச்சிக் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் டாக்டர், அவரிடமே கேட்கலாம் என்றார். டாக்டருக்குக் காது சிவந்தது. நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரில் போட்டுக்கொண்டு, கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். அப்பாவின் வாய் திறந்தது. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். டாக்டர் பேனாவை எடுத்தார். மிஸி மெதுவாகத் தலையை ஆட்டியதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“பீலா... போலே... ரோக்கோ?”

எப்போது சிகரெட் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தார். டாக்டர் சிரித்த சிரிப்பில் தூக்கமெல்லாம் போய்விட்டது. ஒருக்காலும் முடியாது என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு எல்லாக் கேள்வியையும் அப்பாவிடமே கேட்டார். காரில் திரும்பும்போது மிஸி எனக்கு ஒன்று காட்டிக் கொடுத்தார். “கவனிச்சீங்களாம்மா? ஐயா பேசி முடிச்சாத்தான் ரெண்டு ஒதடும் ஒட்டும். அது வரைக்கும் உள்ள இன்னும் ஏதோ இருக்குன்னு அர்த்தம்.” நான் கவனித்ததில்லை. அதற்குப் பிறகு அவருடைய உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸி இறங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சிஸ்டராக இருந்தவர், சாவிக் கொத்தும் மேசையும் வைத்திருந்தவர், இப்போது வீடு வீடாகப் போய்க் கிழவர்களைத் துடைத்துவிடுகிறார். எங்கள் உறவுக்காரர் ஒருவர் என் முன்னாலேயே அவரை வேலைக்காரம்மா என்றார். ஒரு சனிக்கிழமை பசாரில், மீன்கடையில், அவரை நான் தற்செயலாகப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அவரோடு வார்டில் இருந்த ஒரு பெண் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். பாவம்லா நீங்க, எப்படி இருந்தவங்க, இப்ப வீடு வீடா அலையிறீங்களாமே என்றார். மிஸி மீனின் செவுளை விரலால் திறந்து சிவப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“ஆமாலா. வீடு வீடாத்தான் போறேன். அங்க எல்லாரும் என் எடத்துக்கு வந்தாங்க. நான் சொன்னப்ப தூங்குனாங்க, நான் சொன்னப்ப முழிச்சாங்க. இப்ப நான் அவங்க எடத்துக்குப் போறேன். வாசல்ல சப்பாத்த கழட்டணும். உனக்கு வராது, நீ அங்கயே இரு.”

மீனை எடைக்குப் போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

ஏன் ஆஸ்பத்திரியை விட்டார் என்று ஒருநாள் மட்டும் சொன்னார். கேட்டது அப்பா. நாலு சொல் கேள்வி, அதற்கே அரை வாழைப்பழம் தின்னும் நேரம் ஆயிற்று. வார்டில் ஒரு பாட்டி இருந்தாராம். ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தபோது மிஸியின் கையைப் பிடித்து, “எங்க வீட்டுல அந்த...” என்று ஆரம்பித்தாராம். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். தள்ளுவண்டி நகர்ந்தது. மிஸி கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்தார். அப்புறம் திரும்பி வந்தபோது பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த முறை மிஸி வேலைக்கு வந்தபோது வீட்டுக்குப் போயிருந்தார்.

நான் பாட்டி இறந்துவிட்டதாக நினைத்து முகத்தை மாற்றிக்கொண்டேன். மிஸிக்கு அது பிடிக்கவில்லை. “சாவல. நல்லா பொழச்சு, காடி ஏறி, மவளோட வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆனா அந்தப் பாதி எங்கிட்டயே நின்னுபோச்சு. எங்க வீட்டுல அந்த. அந்தன்னா எந்த? பூனையா, பெட்டியா, மருமவளா?” அப்பா சிரித்தார். மிஸி சிரிக்கவில்லை. ஒரு ஆயுள் முழுக்க எத்தனை பாதிகளைக் காலணிச் சத்தத்தில் நசுக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றியதாம். அதற்குப் பிறகு அந்த நடை வரவில்லையாம்.

இப்படிப்பட்டவர்தான் என் அண்ணனோடு சண்டைக்கு நின்றார்.

அண்ணன் ஈப்போவில் இருக்கிறார். அண்ணியும் பிள்ளைகளும் வேலையும் அங்கே. கெட்டவர் இல்லை. தினமும் மாலையில் கைத்தொலைபேசியில் முகம் காட்டுவார். நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரி பா வச்சிடுறேன், எல்லாம் ஒரே மூச்சில். கேள்வியை ஒவ்வொன்றாகக் கேளுங்கள் தம்பி என்று மிஸி ஒருமுறை திரைக்குள் தலையை நீட்டிச் சொன்னதிலிருந்து அண்ணனுக்கு அவர்மேல் ஒரு முள். அப்பாவுக்காகச் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தார் அண்ணன். சுத்தமான இடம், தோட்டம் உண்டு, ஆள் உண்டு. சனி ஞாயிறுகளில் மிஸி வருவதில்லை. அந்த நாட்களில் அப்பாவைத் துடைப்பது, மாற்றுவது எல்லாம் நான்தான். தங்கச்சி தனியாகச் சிரமப்படுகிறாள் என்பது அண்ணனின் வாதம். அது உண்மையும்கூட.

மிஸி அந்தப் பேச்சையே ஏற்கவில்லை. ஐயா இந்தச் சன்னலை விட்டுப் போனால் பேச்சை நிறுத்திவிடுவார், அங்கே யார் காத்திருந்து கேட்பார்கள் என்று தொலைபேசியிலேயே அண்ணனிடம் சொன்னார். எனக்கும் அதே எண்ணம். அப்பா வீட்டில்தான் இருக்க விரும்புகிறார் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நாங்கள் அவரைக் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். முடிவெடுக்க வந்திருக்கிறார்கள் என்பது அண்ணி செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. எல்லாரும் அப்பாவின் அறையில். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில், அண்ணி கதவோரம், நான் கட்டிலின் கால்மாட்டில், மிஸி சன்னல் பக்கம். அண்ணன் நன்றாகவே பேசினார். மெதுவாக, அப்பாவின் கண்ணைப் பார்த்து. இல்லத்தின் படங்களைக் காட்டினார். தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். கடைசியில், “என்ன பா சொல்றீங்க?” என்று கேட்டார்.

அப்பாவின் வாய் திறந்தது.

“நான்...”

காத்திருந்தோம்.

“போறேன்.”

அண்ணன் மூச்சை விட்டார். அண்ணி, அப்பாவே சொல்லிட்டாரு, இனிமே யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாது என்று கைப்பையைத் தோளில் மாட்டினார். நான் வெடித்தேன். உங்களை யார் போகச் சொன்னது பா, நான் ஒருநாளாவது முகம் சுளித்தேனா என்று கேட்டுக்கொண்டே கட்டிலைச் சுற்றிப் போனேன். மிஸியைப் பார்த்தேன், துணைக்கு வாருங்கள் என்று. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தோற்றவரின் முகம். அவரும் வாயைத் திறந்தார். ஐயா, யோசித்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன். அவருடைய கண் அப்பாவின் உதட்டுக்குப் போயிற்று. உள்ளங்கை என் பக்கம் எழுந்தது.

“இரும்மா. எல்லாரும் உக்காருங்க. அவரு இன்னும் சொல்லி முடிக்கல.”

“போறேன்னு சொல்லிட்டாரே மிஸி,” என்றார் அண்ணி. “இதுக்கு மேல என்ன இருக்கு?”

“எனக்குத் தெரியாது. வாய் மூடல பாருங்க.”

இது உங்க குடும்பமா எங்க குடும்பமா என்று அண்ணி முணுமுணுத்தார். மிஸி அதை எடுத்துக்கொள்ளவில்லை. விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது. தெருவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் பாம் பாம் என்று போய், நின்று, யாருக்கோ ரொட்டி கொடுத்து, மறுபடியும் பாம் பாம் என்று போயிற்று. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி கைப்பையை இறக்கவில்லை. அப்பாவின் கழுத்து நரம்பு எழுந்தது. ஃபெரியின் கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றி இழுக்கும்போது எழும் அதே நரம்பு.

“மக...”

“அப்பா” என்றேன் நான். மிஸியின் கை இறங்கவில்லை.

“என்னய... கழுவ... வேணாம்.”

இரண்டு உதடும் ஒட்டின.

சனிக்கிழமைகளிலும் ஞாயிறுகளிலும் நான் துணியை நனைத்துக்கொண்டு அருகில் போகும்போது அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. வலிக்கிறது போலும் என்று இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாகச் செய்வேன். அந்த மெதுவில் அவருடைய கூச்சமும் நீண்டது என்று எனக்குத் தோன்றியதில்லை. அவர் இல்லத்துக்குப் போக விரும்பவில்லை. வீட்டில் இருக்கவும் அடம்பிடிக்கவில்லை. என் கை தன் உடம்பில் அங்கே படாமலிருக்க, இந்தச் சன்னலையும் இந்த வெயிலையும் கொடுத்துவிட்டுப் போகத் தயாராக இருந்தார். அவ்வளவுதான். அவ்வளவையும் முதல் பாதியிலேயே கையெழுத்துப் போட்டு முடித்திருப்போம்.

மிஸி யாரையும் காப்பாற்ற வரவில்லை. கையைக் கீழே இறக்கினார்.

“இப்ப முடிச்சிட்டாரு. இனிமே நீங்க பேசுங்க.”

அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பருமனான மனிதர், ஆபீசில் பலருக்கு மேலே இருப்பவர். அந்தக் கைகளை முதன்முதலாகப் பார்ப்பவர் போல. பிறகு, “நீங்க எங்கயும் போக வேணாம் பா. ஞாயித்துக்கெழம நான் வந்து குளிப்பாட்டுறேன்,” என்றார். அண்ணி கைப்பையைத் தரையில் வைத்தார்.

அதையும் அவரிடமே கேளுங்கள் என்றார் மிஸி. மகன் என்றால் மட்டும் பரவாயில்லையா என்று. விடவே மாட்டார். அண்ணன் கேட்டார். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இவன்... தண்ணிய... சூடா... ஊத்துவான்.”

முதலில் அண்ணிதான் சிரித்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே அழுதார், அல்லது மாற்றி.

அன்றைக்கே பாடம் நடந்தது. தண்ணீரை முதலில் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். துடைக்கும் இடத்தை மட்டும் திறங்கள், மற்றதைத் துண்டால் மூடியே வையுங்கள். அவர் பேசினால் துடைப்பதை நிறுத்துங்கள். நீங்களாகப் பேசாதீர்கள். அண்ணன் பள்ளிப் பையன் மாதிரித் தலையாட்டினார். சனிக்கிழமைகளுக்கு மிஸி தாமே வருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிறுகளில் அண்ணன் ஈப்போவிலிருந்து விடியலிலேயே புறப்பட்டு வந்துவிடுவார். ஆனால் அறைக்குள் போகமாட்டார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார், சன்னல் விளிம்பில் வெயில் வரும்வரை. அந்தக் காட்சிக்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். நான் உள்ளே அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து காப்பி மட்டும் குடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். காலண்டரைப் பார்க்கவில்லை.

இறங்கிவிட்டார் என்று சொன்னவர்களே, எழுந்து வந்து சொல்லுங்கள். ஒரு கிழவரின் வாக்கியத்துக்கு நடுவில் நிற்கத் தெரிந்தவரை விட உயரமான ஒருவரை எனக்குக் காட்டுங்கள். எந்த மாடியில் இருக்கிறார்? லிஃப்டில் போக வேண்டுமா? காலணியோடா, கழற்றிவிட்டா?

அப்பா எழுந்து உட்கார்ந்தார். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போனார். அங்கே சுவரில் பிடித்துக்கொள்ள அண்ணன் ஒரு கம்பி பதித்தார், கோணலாக. ஒருநாள் அப்பா தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டதைப் பார்த்துவிட்டு மிஸி கூடையை மூடினார். இனிமேல் என்னைக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் வரமாட்டேன் என்று மிரட்டினார். அடுத்த வீடு சுங்கை பாக்காப் பக்கம். ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போய் ஓய்வுபெற்ற ஒரு அம்மா. அவருக்கும் ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். அப்பா அந்த அம்மா என்ன வேலை செய்தவர் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி நாள் ஒரு ஞாயிறு. மிஸி விடைபெற மட்டும் வந்திருந்தார். அண்ணன் கூடையைக் காரில் வைத்துவிட்டு வந்தார். அப்பாவை வாசல் வரை நடத்திக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். மிஸி கிரிலைப் பிடித்துக்கொண்டு வலது காலணியைப் போட்டுப் பட்டையை ஒட்டினார். இடது காலை நுழைத்தபோது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. அந்தப் புது வீட்டுக்காரர்களாக இருக்கும். நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் மிஸி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணன் உள்ளங்கையை எனக்கு நேரே காட்டினார்.

அப்பாவின் வாய் திறந்திருந்தது.

மிஸி தொலைபேசியை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. இடது காலணியின் பட்டை ஒட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருக்க, குனிந்தவர் நிமிரக்கூடச் செய்யாமல், கிரிலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“மிஸி...” என்றார் அப்பா. “அந்தம்மா... பாவம்... மரம் வெட்டுனவங்க...”

நாங்கள் மூவரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வெள்ளன... எழுப்பாதம்மா.”